தப்பு நம்பர் முப்பத்தொண்ணு

தம்பி: அக்கா! மிஷினை நிறுத்து! பெடல்லேர்ந்து காலை எடு!

அக்கா: தபால்காரம்மா சட்டைக்குக் காலர் பாதியில நிக்குதுடா. வீடு தீப்பிடிச்சுதா?

தம்பி: அதைவிடப் பெருசு. என் தப்பு ஜெயிச்சிருச்சு!

அக்கா: எந்தத் தப்பு? நீ பண்ணதுல எதுன்னு சொல்லு, லிஸ்ட்டு நீளம்...

தம்பி: பண்ண தப்பு இல்ல, கண்டுபிடிச்ச தப்பு! அளவைக் கொடுத்தா துணியில எங்க வெட்டணும்னு வரைஞ்சு காட்டுற சாஃப்ட்வேர்...

அக்கா: ஒரு மாசமா என் அளவு நோட்டைத் தூக்கிட்டுப் போய் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டிருக்கியே, அதுவா?

தம்பி: அதேதான்! விக்கிறதுக்கு முன்னாடி இருநூறு பேர்கிட்ட குடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னாங்க. பீட்டா டெஸ்டர்னு பேரு. அதுல முதல் ஆள் யாரு?

அக்கா: யாரு?

தம்பி: உன் கூடப் பொறந்தவன்! நாளைக்கு வெளிவர வேண்டியதை ஒரே ஒரு தப்புக்காகத் தள்ளி வெச்சிட்டாங்க. நான் அனுப்பின தப்பு நம்பர் முப்பத்தொண்ணு!

அக்கா: ஐயோ... திட்டுறாங்களா?

தம்பி: கொண்டாடுறாங்க! நிரந்தர வேலையே தராங்களாம். மூணு வருஷமா எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பேன்... வீட்டுலேர்ந்தே பாக்கலாம்க்கா! அஞ்சு நிமிஷத்துல போன் பண்றாங்களாம்!

அக்கா: அடேயப்பா! அப்படி என்னடா தப்பு?

தம்பி: அது... தோள்பட்டை சமாச்சாரம்.

அக்கா: தோள்பட்டையில?

தம்பி: ரொம்ப டெக்னிக்கல். உனக்குப் புரியாது.

அக்கா: இருபத்திரெண்டு வருஷமா தைக்கிறவளுக்குப் புரியாது?

தம்பி: அதாவது... வலது பக்கம் ஒரு தோள் இருக்கா... இடது பக்கம் ஒண்ணு...

அக்கா: பலே! ரெண்டு தோள் இருக்குன்னு கண்டுபிடிச்சதுக்கா வேலை?

தம்பி: கிண்டல் பண்ணாத... ஐயோ, போன்! அவங்கதான்!

அக்கா: எடேன்.

தம்பி: விளக்கிச் சொல்லச் சொல்வாங்களே...

அக்கா: சொல்லு. ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?

தம்பி: அக்கா... கோவிச்சுக்காத. பத்து வருஷம் தைச்ச அனுபவம் இருந்தாத்தான் சேர்த்துப்போம்னாங்க. அதனால... உன் பேர்ல சேந்துட்டேன்.

அக்கா: ம்.

தம்பி: அப்புறம்... அந்த முப்பத்தொண்ணை நான் எழுதவே இல்ல. எப்படிப் போச்சுன்னே தெரியலை.

அக்கா: ம்ம்.

தம்பி: என்னக்கா 'ம்ம்'? ரிங் நிக்கப் போவுது!

அக்கா: இப்படிக் குடு. தபால்காரம்மாவுக்குப் பை மாட்டி மாட்டி இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம்டா. உன் சாஃப்ட்வேர் வலது தோள் அளவையே ரெண்டு பக்கமும் போட்டுச்சு. கம்ப்யூட்டர்ல என் பேர்தானே திறந்து கிடந்துச்சு... நீ குளிக்கப் போறப்பல்லாம் உக்காந்து எழுதி அனுப்பினேன்... ஹலோ, வணக்கங்க. ஆமா, நான்தான் பேசுறேன். ஒம்பது, பதினாலு, முப்பத்தொண்ணு மூணும் நான் எழுதினது. மத்த இருபத்தெட்டும் என் தம்பி. இப்ப சொல்லுங்க... வேலை ஒண்ணா, ரெண்டா?