கிளினிக் வாசலில் ஒரு பலகை

பத்மராணி: நான் இறங்கேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ.

நகுலேஸ்வரன்: விடியவெள்ளன வெளிக்கிட்டு, நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில இருந்து இந்த வெஸ்ட் வர்ஜீனியா மலைக்கு டிரைவ் பண்ணி வந்தது காருக்குள்ள இருக்கவோ?

பத்மராணி: உயிரோட இருக்கிற மனுசன்ர பேரைப் பொறிச்சு நடுறதை நான் பாக்கோணுமோ? எங்கட ஆக்கள் ஆருக்குக் கல்லு நடுறவை?

நகுலேஸ்வரன்: கல்லில்லையப்பா, இரும்புப் பலகை. சுரங்கத் தொழிலாளருக்கு இஞ்ச ஒரு கிளினிக் இருந்ததெண்டு...

பத்மராணி: அதுக்குக் கீழ டொக்டர் நகுலேஸ்வரன். வேண்டாமெண்டு சொல்லச் சொன்னனான். புகழாசை உங்களுக்கு.

நகுலேஸ்வரன்: பின்ன? அந்தக் கிளினிக்கில அவ்வளவு காலம் வேலை செய்தும் என்ர பேரை முழுசாச் சொன்ன சனம் இந்த ஊரில இல்லை. இரும்பிலயாவது...

பத்மராணி: பகிடியை விடுங்கோ. இப்பதான் நெஞ்சில ஸ்டென்ட் வைச்சது. எனக்குப் பயமாக் கிடக்கு.

நகுலேஸ்வரன்: ...சரி, இறங்காதேயும். கண்ணாடியை மட்டும் இறக்கும். அங்க பலகையை மூடின துணியை எடுக்கினம். வாசியும்.

பத்மராணி: மார்த்தா... மார்த்தா கோல்மன். எங்கட நர்ஸ் மார்த்தாவோ?

நகுலேஸ்வரன்: ஓம். கமிட்டி கேட்டது என்ர பேரைத்தான். நான் இருக்கிறன்தானே, போன வருசம் செத்த மார்த்தாவின்ர பேரைப் போடுங்கோ எண்டனான்.

பத்மராணி: அதை வீட்டிலயே சொல்லியிருக்கலாமே. வழிநெடுக என்னை அழவைச்சு...

நகுலேஸ்வரன்: சொன்னால், ஏன் மார்த்தா எண்டு கேப்பீர்.

பத்மராணி: ஏன்?

நகுலேஸ்வரன்: ...எங்கட மூத்தவன். பிறந்த கிழமையே போனவன்.

பத்மராணி: அந்தக் கதை வேண்டாம்.

நகுலேஸ்வரன்: இதுக்குத்தான் சொல்லேல்லை. அந்தா, அந்தச் சேர்ச்சுக்குப் பின்னாலதான் அவனைக் குழிவெட்டித் தாட்டனாங்கள். பச்சைப் பிள்ளைக்குக் கல்லு வைக்கிற வழக்கமில்லையெண்டு வைக்கேல்லை. பிறகு நியூ ஜெர்சிக்கும் போயிட்டம். ஒவ்வொரு வருசமும் அவன் போன ஆனி மாசத்தில மார்த்தாவுக்கு ஃபோன் எடுத்து, அவனுக்குப் பூ வைக்கச் சொல்லுவன். உமக்குத் தெரியக்கூடாதெண்டு கேட்டனான். சாகுமட்டும் மனுசி வாய் திறக்கேல்லை.

பத்மராணி: ...கதவைத் திறவுங்கோ.

நகுலேஸ்வரன்: கோவமோ, பத்மா?

பத்மராணி: கோவமில்லையப்பா. அந்த மனுசியை நான் கும்பிடோணும். நானும் வருசா வருசம் அவவிட்டத்தான் சொல்லிப் பூ வைப்பிச்சனான்... உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு.