மேக்னட்டோ வந்த வழி

– அப்படின்னா ராயப்பேட்டை பூரா அலைஞ்சும் நம்ம கார் இன்ஜினுக்குப் பொறி குடுக்கற மேக்னட்டோ ஒண்ணு கிடைக்கலேங்கறே, ஆரோக்கியநாதா.

– கெடைக்கலன்னு யாரு சொன்னது, சாமி? பழைய சாமான் கடை அக்பர் பாஷா பாய் ஒண்ணு எட்த்துக் குட்த்தாரு. அரிசி மில்லு இன்ஜின்ல கழட்னதாம். மாட்டிப் பாத்தேன். வண்டி இருமுது, நவரல.

– சாயங்காலம் கவர்னர் பங்களாவுல டீ பார்ட்டி. இருமற வண்டியிலயா போறது?

– ஜட்கா ஒண்ணு இட்டாரட்டா?

– நன்னாயிருக்கு. வக்கீல் சுந்தரராமன் ஜட்காவுல வந்தார்னு நாளைக்கு ஹைகோர்ட்டே சிரிக்கும். ராவ் பகதூர் பட்டத்துக்கு என் பேர் அடிபடற சமயம்டா இது.

– பாண்டிச்சேரி துரை கப்பல் ஏறச்சொல்லோ இந்தப் பிரெஞ்சு வண்டிய ஏன் அப்படி சிரிச்சிக்கினே குட்த்தான்னு இப்பத்தான் புரியுது.

– அவன் சிரிச்சது இருக்கட்டும். மவுண்ட் ரோட்டுல அந்த வெள்ளைக்காரன் கடையில கேட்டியோ? முன்னால சீமைத் துணி, பின்னால மோட்டார் சாமான் விப்பானே.

– அங்கதான் கீது. காலைல போனேன். வாசல்ல மறியல். பொம்பளைங்க கதர் கட்டிக்கினு கைகோத்து நிக்கிறாங்கோ. அன்னிய சாமான் வாங்காதீங்கோன்னு கும்பிடறாங்கோ. எனக்குக் கால் வரல, திரும்பிட்டேன்.

– கும்பிட்டா திரும்பிடறதா? வண்டி பிரெஞ்சுக்காரன்து, இங்கிலீஷ்காரனுக்கு இதுல சம்பந்தமில்லேன்னு சொல்றதுதானே?

– சொன்னேனே. கடை யாருதுன்னு திருப்பிக் கேட்டாங்கோ.

– பொம்மனாட்டிகளுக்கு இப்படி வாதம் பண்ணக் கத்துக்குடுத்தது யாரோ.

– யாரோ வக்கீலாத்தான் இருக்கணும், சாமி.

– சரி, வெறுங்கையோடயா வந்து நிக்கறே?

– இல்ல சாமி. இந்தாங்கோ. புத்தம் புது மேக்னட்டோ.

– அட, இதை முதல்லயே சொல்லப்படாதோ? எப்படி உள்ள போனே?

– மத்யானம் மறுபடி போனேன். போலீஸ் லாரி வந்து அத்தினி பேரையும் ஏத்திக்கினு இருந்துச்சு. வாசல் காலி. நேராப் போயி வாங்கியாந்துட்டேன்.

– சட்டம்னு ஒண்ணு இருக்கோல்லியோ. நாலு மாசம் உள்ள இருந்தா தானா புத்தி வரும். நீ எதுக்குத் தலையைச் சொறியறே?

– அந்த வாதம் பண்ணாங்களே... அவங்கதான் லாரில மொத ஆளா ஏறுனாங்கோ.

– ஏறட்டுமே. யாராயிருந்தா எனக்கென்ன?

– நம்ம அம்மா, சாமி.

– எந்த அம்மா?

– நம்மூட்டம்மா.

– உளறாதே. அவ திருவல்லிக்கேணியில தங்கையாத்து சீமந்தத்துக்குன்னா போயிருக்கா.

– காலைல பாக்குற வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். லாரில ஏறிக்கினே என்னைக் கூப்ட்டு, ‘வாசல்தான் காலியாயிடுத்தே, போய் வாங்கிக்கோ, அவருக்கு நாழியாறது’ன்னாங்கோ.

– மேக்னட்டோவை மாட்டு.

– கவர்னர் பங்களாவுக்கா?

– போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஜாமீன்ல அழைச்சுண்டு வரணும்.

– கோவமா, பாசமா சாமி?

– அழைப்புல தம்பதி சமேதமா வரணும்னு போட்டிருக்கான்டா.

– ஜாமீன் வாணாம்னுட்டாங்கோ. மாத்திக் கட்டிக்க ரெண்டு கதர்ப் பொடவை மட்டும் குட்த்தனுப்பணுமாம். உங்க சட்டப் பொஸ்தக பீரோவுல, பின்வரிசைல வெச்சிருக்காங்களாம்; அங்க நீங்க கை வெக்கவே மாட்டீங்கன்ற தைரியமாம்.