சித்தப்பா கழற்றிய சிப்

விளக்கை அணைக்க வேண்டாம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், போதும். இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி... மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் போகிற சாலை. ஆள் இல்லை, நாய் இல்லை. என் சிநேகிதியின் சித்தப்பா மட்டும் நடந்து போகிறார்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரே மகள், பன்னிரண்டு வயது. ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். படுத்த படுக்கையாவதற்கு முன், தன் பழைய கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். இப்ப பாக்கக் கூடாது" என்றாளாம்.

உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தார். தூசி தட்டினார். கம்ப்யூட்டரின் மூளை மாதிரி இருக்கிற சிப்பைக் கழற்றித் துடைத்தார். சிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும். அது சாக்கெட்டில் இருக்கிற பள்ளத்தோடு சேர வேண்டும். தூக்கத்தில்கூடச் சரியாகப் பொருத்துகிறவர்... அன்றைக்குக் கண்ணில் நீர். தலைகீழாகப் பொருத்திவிட்டார். சுவிட்சைப் போட்டதும், 'டிக்'. அப்புறம் கருகல் வாசனை.

அந்தச் சிப் தயாரிப்பை நிறுத்தி எத்தனையோ வருடம். அவள் எழுதியதை வேறு வகைக் கம்ப்யூட்டர் படிக்காது. ஏழு மாதம் அலைந்தார். கிடைத்ததெல்லாம் போலி, நகப்பூச்சு நீக்குகிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், மேலே அச்சடித்த எண் கையோடு வந்துவிடும். கடைசியில் ஒரு பழைய இரும்புக்காரர்தான் சொன்னார்: "மூடிப்போன ஃபாக்டரிக்குப் பின்னால போற ரோட்டுக் கடைசி வீட்டம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தாள்.

"என் பையனோடது. இருமி இருமியே போயிட்டான். அப்புறம் அவன் கம்ப்யூட்டர் எரியறதப் பாக்க முடியல. இதக் கழட்டி வெச்சுட்டேன்."

"எவ்வளவும்மா?"

"அட, போங்க தம்பி. பொண்ணு எழுதினதப் படிங்க. ஒரு வீட்லயாவது சத்தம் கேக்கட்டும்."

வீட்டுக்கு வந்து பொருத்தினார். மனைவி பின்னால் நின்றாள். க்ர்ர்... டக். திரையில் பச்சை எழுத்து. ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கோப்பின் பெயர்: 'அப்பாவுக்கு'. திறக்கக் கையை நீட்டினார். விசையைத் தொடவில்லை...

'அம்மா எங்கே?'

எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. இருமல் மருந்து வாசனை அடித்தது. அவர் மகளுக்கு இருமலே கிடையாது.

'அம்மா எங்கே? இருட்டா இருக்கு.'

சித்தப்பா சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நிமிஷங்க. படிச்சுட்டுக் கொண்டுபோய்க் குடுங்க."

"அழற புள்ளைய ஓரமா நிக்க வெச்சுட்டா நம்ம புள்ளை எழுதினதப் படிக்கறது?"

அவள் கையை விட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சிப்புக்கு ஞாபகம் கிடையாது. மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும். அவருக்கு இது தெரியாதா? தெரிந்தும், அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வழியெல்லாம் "வந்துட்டோம்டா... வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்த அம்மாளின் வீட்டில், பையனின் பெட்டியில் பள்ளத்தை மூன்று முறை பார்த்துப் பொருத்தினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே டக்... டக்... என்று விசைச் சத்தம். பிறகு அந்த அம்மாளின் குரல்: "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே?"

அவர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். மனைவி மகளின் கம்ப்யூட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிளக் கழன்று கிடந்தது. மூடி திறந்தபடி, சாக்கெட் காலி. திரை இருட்டு. தொட்டுப் பார்த்தார்... கண்ணாடி சுட்டது.

"இவ்வளவு நேரம் தட்டிக்கிட்டே இருந்தா" என்றாள் மனைவி. "எல்லாம் உங்களுக்குத்தான்."

"என்ன எழுதினா?"

அவள் விசைப்பலகையைக் காட்டினாள். "அப்பா வர்ற வரைக்கும் இருடின்னேன். இருக்கேன்னு சொன்னா" என்றாள்.

சித்தப்பா விசைப்பலகையைப் பார்த்தார். ஒரு விசை மட்டும் உள்ளே அழுந்தியிருந்தது. மண்டியிட்டார். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, பிடித்திருந்த விரல் விலகியது போல அது மெதுவாக... சத்தமே இல்லாமல்... மேலே எழும்பியது.