அன்புடன் செல்வராசு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பேர். பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் போய்விட்டது.

“வித்ததுகூடப் பரவால்லீங்க. எம் பேரோட வித்துப்போட்டீங்களே!”

“எந்த புக்குங்க?”

“உங்க புது ஊட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப நான் குடுத்தனே, அதுதானுங்க. மொதப் பக்கத்துல ‘அன்புடன் செல்வராசு’ன்னு எழுதியிருந்தனில்லீங்க? ஓமலூர்ல வாங்குன ஆளு அந்தப் பக்கத்தையே படம் புடிச்சு நம்ம குரூப்புல போட்டிருக்கறாருங்க.”

“அதுல எனக்கும் சங்கடந்தானுங்க.”

“இப்பவாவது தோணுச்சே!”

“பின்னே? பேனாக் கிறுக்கல் இருக்குதுன்னு ஐநூறு ரூவாயைக் கொறைச்சுப்போட்டாருங்க.”

அதற்குப் பிறகு மல்லசமுத்திரம் வரை செல்வராசு ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அங்கே இறங்குவதற்கு எழுந்த நண்பர், குனிந்து அவர் தோளைத் தொட்டார்.

“மாசக் கடைசில பையனுக்குக் கல்யாணமுங்க. குடும்பத்தோட வந்தரோணும். புக்கு எதாச்சும் குடுக்கறதா இருந்தா, பென்சில்ல எழுதுங்க.”