மாலை போட்டவருக்கு மெஷின் வேலை

சாமைச் சோத்துல கல்லு கடிச்சா எல்லாரும் மில்லுக்காரனைத்தான் திட்டுவாங்க, இன்ஸ்பெக்டர் சார். எங்க மில்லு அரிசியில ஒரு கல்லு இருக்காது. தேவனூர் நாட்டு ஊருங்கள்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. சூப்பர்வைசரா அவ்வளவு சுத்தமா வேலை வாங்குனேன்.

மெஷின்கிட்ட நிக்கறவன் உடம்புல எதுவும் தொங்கக் கூடாது. நான் போட்ட சட்டம் அது ஒண்ணுதான். ஆரோக்கியம் கழுத்துல செபமாலை போட்டிருப்பான், சொன்னதும் கழட்டி ஆணியில மாட்டிருவான். பாப்பாத்தி வளையலைக் கழட்டிரும். நான் மதம் பாக்கறவன் இல்லீங்க.

கார்த்திகை பொறந்ததும் மெஷின் ஓட்டற சின்னக்கண்ணு ஐயப்பனுக்கு மாலை போட்டுட்டு வந்தான். தொப்புள் வரைக்கும் தொங்கற துளசிமாலை, கெட்டி நைலான் கயிறு. கழட்டுடான்னேன். "சபரிமலை போயிட்டு வர்ற வரைக்கும் கழட்டக் கூடாதுங்ணா. அதுவரைக்கும் என்னைய மூட்டை தூக்க உடுங்க"ன்னு கேட்டான். நியாயமான பேச்சுதான். ஆனா இன்னைக்கு இவனுக்கு உட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சாமியைச் சொல்லிக்கிட்டு வருவாங்களே. ஊட்டுக்குப் போடான்னு அனுப்பிட்டேன்.

அவன் நேரா தொழிலாளர் சங்கத்துல போயிச் சொல்லிட்டான். முதலாளி போன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டாரு. "அவனவன் சாமியைக் கும்புட அவனவனுக்குச் சட்டமே உரிமை குடுத்திருக்குது. தடுக்க நீ யாருய்யா? போயி மன்னிப்பு கேளு."

கேட்டேன். அத்தனை பேர் முன்னாடி கையெடுத்துக் கும்புட்டு, "சாமி, மன்னிச்சுக்கோங்க"ன்னு கேட்டேன். மாலை போட்டவங்களைச் சாமின்னுதானே கூப்பிடணும். அத்தனை வருசமா வாடா போடான்னு வேலை வாங்குனவனை. பாப்பாத்தி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. அன்னைக்கு எரிச்சல்ல எனக்குச் சோறு எறங்கலை.

மறுநாள் அவரை மெஷினுக்கே போட்டேன். உரிமைன்னா முழுசா குடுக்கணுமில்லீங்களா? மூட்டையே தூக்கறேன்னு மறுபடியும் கெஞ்சுனாரு. "வேண்டாங்க சாமி, அப்புறம் உங்களை ஒதுக்கி வெச்சுட்டேன்னு பேச்சு வரும்"னேன்.

பெல்ட்டை மூடியிருக்கற கம்பிவலையை எண்ணெய் போடறதுக்குன்னு காலையிலயே கழட்டிட்டேன். திரும்ப மாட்டலை. மத்தியானம் மத்தவங்க சாப்பிடப் போனாங்க, மெஷின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. "பெல்ட்டுல ஏதோ சத்தம் வருது, குனிஞ்சு பாருங்க சாமி"ன்னேன். சத்தம் எதுவும் இல்லீங்க, சார். நான் சும்மாதான் சொன்னேன்.

குனிஞ்சாரு. மாலை பெல்ட்டோட உள்ள போயிருச்சு. நைலான் கயிறு, அறுகலை. "அண்ணா"ன்னு ஒருதடவை கூப்பிட்டாரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வேலையே இல்லாமப் போயிருச்சு.

சுவிட்சு என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லலை. ஆனா இன்னொருத்தர் சாமி விசயத்துல இனிமே கை வெக்கக் கூடாதுன்னு முதலாளி கண்டிசனா சொல்லியிருந்தாருங்களே.