மூன்றாவது அழைப்பு

— அப்போ இந்த மவுத் ஆர்கனும் வேண்டாமா?

— எடுத்து வைங்க. இல்லன்னா விடுங்க. எதுவானாலும் சரி.

— எலியேசர், ஒரு கேள்விக்கு மனுஷங்க ஒரு பதில்தான் சொல்லுவாங்க. எடுத்து வைக்கவா, விடவா?

— சரி.

— சிக்கின்கிரா மாதாவே! சரின்னா எது சரி? முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்ட் மைக்ல ஊரையே கூப்பிட்ட வாய். ரிட்டயர் ஆன மறுநாளே பூட்டு விழுந்துடுச்சு. ஒன்பது மாசமா "சரி", "இருக்கட்டும்", "பாக்கலாம்". இந்த மூணு வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் என்னத்தக் குடித்தனம் பண்றது?

— கப்புல சாக்லேட் ஆறுது, எர்மிந்தா. உள்ள போட்ட சீஸ் கரைஞ்சுடும்.

— கரையட்டும். பேச்சை மாத்தாதீங்க. நம்ம வீட்டைக் கேட்டிருக்கற பல் டாக்டரம்மா பன்னெண்டு மணிக்கு ஃபோன் பண்ணுவா. வீட்டைக் குடுக்கறோமா இல்லையான்னு இன்னிக்குச் சொல்லியாகணும். இல்லன்னா அவ அடுத்த தெரு வீட்டை முடிச்சிடுவா. அங்க கடலோரத்துல, சாந்தா மார்த்தால, நம்ம பொண்ணு யானெத் நமக்குன்னு ரூமே கட்டி வெச்சுட்டா. நீங்க வர்றீங்களா, இல்லையா?

— நீங்க சொன்னா சரி.

— நான் சொல்லி நீங்க வரக் கூடாது. நாளைக்கு அங்க வெயில் மண்டையைப் பொளக்கும்போது "இவதான் இழுத்துட்டு வந்தா"ன்னு ஒரு மூஞ்சியைக் காட்டுவீங்க. அதுக்கு நான் ஆள் இல்ல. எனக்குப் போகணும்னு ஆசை, அதை மறைக்கல. இந்த துன்ஹா மலைக் குளிர்ல என் முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. பேத்தி தலைக்கு நான் ஒரு தடவைகூடப் பின்னல் போட்டதில்ல. ஆனா நீங்க வாயத் தொறந்து வர்றேன்னு சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

— போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— அதுதானே என் வயித்தெரிச்சல்! இந்தப் பெட்டியைப் பாருங்க. பொழுது போகட்டும்னு யானெத் மாசா மாசம் அனுப்பினது. நம்பர் பாத்து வண்ணம் அடிக்கற படம். ஒண்ணாம் நம்பர் நீலத்தை மட்டும் அடிச்சுட்டு வெச்சுட்டீங்க. வெறும் வானம் நிக்குது. ஆர்க்கிட் செடி தண்ணி இல்லாம செத்துச்சு. பக்கத்து வீட்டு தெலெஸ்போரோ, தட்டு எறியற தேஹோ ஆட்டம் ஆட வாங்கன்னு கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. தட்டு பட்டு வெடிமருந்துப் பொட்டலம் வெடிச்சுது, தலைவலின்னு பத்து நிமிஷத்துல வீட்டுக்கு வந்துட்டீங்க. இந்த ஊர்லயே பீர் குடிக்காம தேஹோ ஆடிட்டு வந்த ஒரே ஆம்பிளை நீங்கதான்.

— வானம் முடிஞ்சுது. அடுத்து என்ன வரும்னு பாக்க ஆசை வரல.

— உங்களுக்கு என்னதான் செய்யுது? எங்கயாச்சும் வலிக்குதா?

— வலிக்கல. அதான். பல்லுக்கு ஊசி போட்டு அனுப்புவாங்களே, வீட்டுக்கு வந்தப்புறமும் தாடை நம்மளதாவே இருக்காதே. அப்படி இருக்கு.

— தாடை மட்டுமா?

— இல்ல. மொத்தமா.

— அப்படியா... சரி, இந்தக் கம்பளி ருவானாவை மடிச்சு மேல வைக்கறேன். அங்க இதைப் போத்தினா வெந்தே போயிடுவீங்க. ஆனாலும் எடுத்துப்போம். எலியேசர், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், கோவமாவது வருதேன்னு. வியாழக்கிழமை நான் கோயில் பாட்டுக்குழுவுக்குப் போறதில்ல.

— சரி.

— எங்க போறேன்னு கேளுங்களேன்!

— எங்க போறீங்க?

— பஸ் ஸ்டாண்டுக்கு.

— யார் வர்றாங்க?

— யாரும் வரல. உங்களைக் கேக்கப் போறேன். கடைசி மாசம் உங்க குரலை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டாங்களே, இன்னிக்கு வரைக்கும் அதுதான் ஓடுது. ஒரு காப்பியை வாங்கிக்கிட்டு பெஞ்சுல உக்காந்துடுவேன். "பொகோத்தா செல்லும் பயணிகளே, உங்கள் கவனத்திற்கு!" அடேங்கப்பா, என்ன கம்பீரம்! அங்க இருக்கறவரு நல்லா பேசறாரு. வீட்ல இருக்கறவருக்குத்தான் வாய் வர மாட்டேங்குது.

— அது நான் இல்ல, எர்மிந்தா. மெஷின்.

— மெஷினாச்சும் பேசுதே! என் பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தி போன வாரம் கேட்டா, எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்கன்னு. வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன். எப்ப வருவாருன்னு கேட்டா. எனக்குத் தெரியலையேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— இவ்வளவு நாளா சொல்லலையே.

— நீங்க கேட்டாத்தானே. இன்னொண்ணும் கவனிச்சேன். புகாரமாங்கா, துய்தாமா, யோபால்னு நாப்பது ஊரையும் நீங்கதான் கூப்பிடறீங்க. சாந்தா மார்த்தா பஸ்ஸுக்கு மட்டும் வேற ஒரு பொண்ணு. மூக்கால பேசறா. அது ஏன்?

— அன்னிக்குத் தொண்டை கட்டிடுச்சு.

— நாப்பது ஊருக்குக் கட்டாத தொண்டை அந்த ஒரு ஊருக்கு மட்டும் கட்டிச்சாக்கும்.

— கட்டிச்சு. ஃபோன் அடிக்குது பாருங்க.

— அதுக்குள்ள டாக்டரம்மாவா? இல்ல, நம்ம யானெத். ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்க மகளே, அப்பாவும் பக்கத்துலதான் இருக்காரு.

— அஹா, அம்மா! பெட்டியெல்லாம் கட்டியாச்சா? அப்பா, நீ அங்க இருக்கியா?

— இருக்கேன்.

— பாத்தீங்களா, அப்பாவை "நீ"யாம்! நம்ம ஊர்ல நாயைக்கூட நீங்கன்னுதான் சொல்லுவோம். லுசேரோ, சோபாவை விட்டு இறங்குங்க, உங்களைத்தான்! பதினாலு வருஷத்துல என் பொண்ணு மரியாதையைக் கடல்ல கழுவி விட்டுட்டா.

— அட போம்மா, இங்க எல்லாரையும் நீதான். பாதிரியாரையே நீன்னுதான் கூப்பிடறோம். அஹா, கேளு. நேத்து உங்க ரூமுக்கு ஃபேன் மாட்டியாச்சு. பின்னால ரெண்டு மாமரத்துக்கு நடுவுல வலைத்தூளி கட்டியிருக்கேன். உன் பேத்தி கதவுல "தாத்தா ஆபீஸ்"னு எழுதி வெச்சிருக்கா, உள்ள வர்றவங்க தட்டிட்டு வரணுமாம். அப்பா, நீ வருவேல்ல?

— சரி.

— சரின்னா?

— அதைத்தான் மகளே காலையிலேர்ந்து நானும் கேக்கறேன்.

— அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. அப்பா, இந்தச் "சரி" எனக்கு நல்லாத் தெரியும். நான் விரும்பின வில்மர் பின்னாடி போறேன்னு நான் நின்ன அன்னிக்கும் அந்த மேஜைலயே உக்காந்துக்கிட்டு "சரி"ன்னுதான் சொன்னே.

— யானெத், அந்தக் கதை இப்ப எதுக்கு?

— இப்பத்தாம்மா வேணும். அதே மூஞ்சியோட இங்க வந்து உக்காந்தாருன்னா நான் தினம் பாக்கணும். பத்தொன்பது வயசு எனக்கு. திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. வேண்டாம்னு ஒரு வார்த்தை வரல. பஸ் ஸ்டாண்ட்ல கண்ணாடி ரூமுக்குள்ள குனிஞ்சு உக்காந்துக்கிட்டு, "சாந்தா மார்த்தா செல்லும் பயணிகளே, மூன்றாவது அழைப்பு, கடைசி அழைப்பு." பேர் தெரியாதவங்களைக் கூப்பிடற அதே குரல். பஸ்ஸே இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு. அவ்வளவு நேரமும் படிக்கட்டுக்கிட்ட நின்னேன். என்ஜின்லாம் போட்டுட்டு அந்தப் பஸ்கூட என்னை விட்டுப் போகாம நின்னுச்சு. நீ எழுந்திருக்கவே இல்ல.

— எலியேசர், கப்பைக் கீழ வைங்க. சட்டையெல்லாம் சிந்துது.

— அந்த பஸ் லேட் ஆகல.

— என்னப்பா?

— மூணே முக்கால் வண்டி. மூணு நாப்பதுக்கே டிரைவர் ஏறி உக்காந்துட்டான். மூணாவது அழைப்பு குடுக்காம வண்டி நகரக் கூடாது. அது அங்க சட்டம். நான் குடுக்கல.

— இருபத்தஞ்சு நிமிஷமா?

— இருபத்தாறு. டிரைவர் ஹாரன் அடிச்சான். சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டினாரு. நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு, மைக் மேல கையை வெச்சு மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— மாதாவே! அந்த வாரம் மூணு நாள் காய்ச்சல்னு வேலைக்குப் போகாம படுத்திருந்தீங்களே...

— சஸ்பெண்ட். முப்பத்தொரு வருஷத்துல வாங்கின ஒரே மெமோ.

— சூப் வெச்சு ஊட்டி விட்டேனே உங்களுக்கு! நெத்தியில வேற துணி நனைச்சுப் போட்டேன்! பதினாலு வருஷம் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே. உங்களை என்ன பண்ணினா தகும்?

— அம்மா, இரு. அப்பா, அப்புறம் ஏன் வெளிய வரல? பத்தடிதான். கதவைத் தொறந்துட்டு வந்து "போகாதே"ன்னு... சரி, உங்க பாஷையிலயே, "போகாதீங்க"ன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா என்ன?

— எனக்கு அதிகாரம் இல்ல.

— பெத்த அப்பனுக்கா?

— அந்த ரூம்ல சேர்ந்த முதல் நாளே சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான். டிக்கெட் எடுத்தவங்க போயாகணும். யார் அழுதாலும் சரி, யார் கட்டிப் புடிச்சாலும் சரி. எத்தனையோ அம்மாக்கள் கண்ணாடியைத் தட்டியிருக்காங்க, "ஐயா, என் பையன் போற வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு. நான் நிறுத்தினதில்ல. டிக்கெட் எடுத்தவங்க மனசுல முடிவு பண்ணினவங்க. நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க. நான் நடுவுல வர்றது முறை இல்ல. நேரத்தை மட்டும் கொஞ்சம் புடிச்சு வெச்சேன். டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அந்தக் கண்ணாடிப் பக்கம் நீங்களா வருவீங்கன்னு பாத்தேன். வரல. நாலு மணி பதினோரு நிமிஷத்துக்குக் கூப்பிட்டேன்.

— அப்பா...

— சஸ்பெண்ட் முடிஞ்ச நாள்லேர்ந்து அந்த சாந்தா மார்த்தா வண்டியைத் தினமும் கூப்பிட்டேன், ஒவ்வொரு நாளும் மூணு தடவை. வேலைன்னு ஒண்ணு இருந்துச்சு, வாய் தானா சொல்லிக்கிட்டிருந்துச்சு. ரெக்கார்டிங் பண்ற பொண்ணு "இது கடைசியா ஒரு தடவை, இனிமே நீங்க சொல்லவே வேண்டாம்"னா. அப்பதான் நின்னு போச்சு. அன்னிக்கு மூடின வாய்தான்.

— நாப்பது ஊருக்குக் கட்டாத தொண்டை...

— எர்மிந்தா, டாக்டரம்மாவுக்கு நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க. வீட்டைக் குடுங்க, குடுக்காம இருங்க. நீங்க போயிட்டு வாங்க, முட்டிக்கு நல்லது. நான் வரல.

— என்ன சொன்னீங்க?

— வரல.

— ஒன்பது மாசம் தவம் கிடந்தேன் ஒரு வார்த்தைக்கு. வந்த வார்த்தை இதுதானா?

— ஊரை விட்டுப் போன அன்னிக்குக் காலையில யானெத் என் எதிர்ல உக்காந்து அரேபா ரொட்டி சாப்பிட்டாங்க. இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வேணும்னு கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன். அப்பவே அந்த டிக்கெட் பைக்குள்ள இருந்திருக்கு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறல. நம்மளை விட்டுப் போறதுக்கு டிக்கெட் எடுத்தவங்க வீட்ல போய் ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்க எனக்கு முடியாது.

— யானெத்? லைன்ல இருக்கீங்களா, மகளே?

— இருக்கேன்மா.

— அவரு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து அவரு அவராவே இல்ல. அந்தப் பக்கம் டாக்டரம்மா வேற லைன்ல வர்றா. மணி பன்னெண்டு. என்ன சொல்லட்டும் நான்? வெச்சுடவா?

— வைக்காதே. அப்பாகிட்ட ஃபோனைக் குடு.

— இந்தாங்க, எலியேசர். புடிங்க.

— சொல்லுங்க.

— அப்பா, நீங்க வெளிய வருவீங்கன்னுதான் பெட்டியைத் தூக்கிட்டு அங்க வந்தேன்; அந்த இருபத்தாறு நிமிஷமும் என் கைல டிக்கெட்டே இல்ல, மூணாவது தடவை நீங்க கூப்பிட்டப்புறம்தான் கண்டக்டர்கிட்ட காசு குடுத்து ஏறினேன்.