மூன்றாவது ஸ்பிரிங்

அளக்கத் தெரிந்த ஒருத்திக்கு, பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல் போனது ஏன்? இந்தக் கேள்வியோடுதான் மேடை ஏறினேன். 

தலைமை ஏற்றிருக்கும் பேண்டு மாஸ்டர் ஆன்டனி ராஜ் அவர்களே, பாம்பன் ஊர்ப் பெரியவர்களே, முன்னால் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கருவாட்டுக் களத்திலிருந்து நேரே வந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். சென்ற ஆண்டு உங்கள் பேண்டுக்கு ஸ்பிரிங் தரம் பிரித்துக் கொடுத்ததற்காம். நடந்ததைக் கேட்டுவிட்டு, அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.

டிரம்பெட்டில் மூன்று வால்வு. விரல் அழுத்தினால் இறங்கும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். உப்புக்காற்றில் பாதி ஸ்பிரிங் கெட்டு, இறங்கிய வால்வு ஏறாமல் கிடந்தது. மாஸ்டர் மதுரையிலிருந்து புதியவற்றை வாங்கிவந்து, பழையதும் புதியதுமாக ஒரே தட்டில் கொட்டி என் முன்னால் வைத்தார். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவள். ஒவ்வொன்றையும் நிறுத்தி, மேலே ஒரே எடைக்கல்லை வைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தேன். ஒத்தவற்றை மும்மூன்றாகச் சேர்த்தேன். தளர்ந்தவற்றைக் கழித்து டப்பாவில் போட்டேன்.

டிரம்பெட் வாசிக்கும் அருளானந்தம் அண்ணன் மேசையருகே நின்றார். "பழசுல ஒன்னு ரெண்டு இருக்கட்டுமே டீச்சர்," என்றார். தளர்ந்ததை வைத்து என்ன செய்வது என்றேன். திரும்பிப் போய்விட்டார்.

திருவிழா அன்று சப்பரம் கோயில் வாசலில் நின்றது. அண்ணன் தனியாக வாசிக்க வேண்டிய இடம். மூன்றாவது வால்வு பாதிதான் இறங்கியது, குழல் கீச்சிட்டது. கூட்டத்தில் ஒருவர், "ஏலே, டிரம்பெட்டுக்குச் சளி புடிச்சிருச்சு," என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மாஸ்டர் அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விசைப்படகின் கயிறு சுண்டியதில் அவருடைய மோதிர விரல் வலுவிழந்திருந்தது. தெரிந்தால் டிரம்முக்கு மாற்றிவிடுவார்கள் என்று மறைத்திருந்தார். தளர்ந்த ஸ்பிரிங் ஒன்றைத் தேடி அந்த விரலுக்குக் கீழே போட்டு, இரண்டு திருவிழா வாசித்திருக்கிறார். யாருக்காவது தெரிந்ததா? எந்தக் காதாவது குறை கண்டதா?

ஒரே கம்பி, ஒரே நீளம், ஒரே அழுத்தம் என்று பெருமைப்பட்டேனே, ஒரே விரலா? எடைக்கல்லை நம்பினேன், அளவுகோலை நம்பினேன், அட்டவணையை நம்பினேன். அருகில் நின்ற மனிதரை நம்பினேனா? அழுத்தப்போவது யாருடைய விரல் என்று கேட்காத அளவு, அளவே அல்ல!

இதைச் சொல்ல அண்ணனிடம் அனுமதி கேட்டேன். இந்த முறை கேட்டேன். பொன்னாடையை மேசைமேல் வைக்கிறேன், வருத்தப்படாதீர்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். திருவிழாவுக்கு மறுநாள் நடந்ததை மட்டும் சொல்லி இறங்குகிறேன்.

நான் கழித்துப்போட்ட ஸ்பிரிங்குகள் கிடந்த அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்குகளை இரண்டிரண்டாக முனையோடு முனை சேர்த்து அழுத்தி, எது முதலில் அமுங்குகிறது என்று பார்த்து, ஐந்தாவது தடவையில் தன்னுடையதைக் கண்டுபிடித்தார். போட்டுத் தரட்டுமா என்றேன்.

"வேணாம் டீச்சர். காலையிலயே டிரம்பெட்ட எந் தங்கச்சி மக ஷெரின்ட்ட குடுத்துட்டேன். அந்தப் புள்ளைக்கு மூணு விரலும் நல்லா இருக்கு. நீங்க போட்டதே சரியா இருக்கும்."

ஸ்பிரிங்கை டப்பாவிலேயே போட்டு, மூடி, என் கையில் கொடுத்தார்.